பதினொரு குப்பி கருங்குரங்கு லேகியம்

போன மாதம் வனக்காவலர்களின் பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் கூப்பிடுகிறார்களே, நம் அனுபவத்துக்கு அவ்வளவு மரியாதையா என்று வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஏற்கெனவே சம்மதித்திருந்தவருக்குக் காலில் சுளுக்கு என்று ஜீப்பில் போகும்போதே டிரைவர் சொல்லிவிட்டார்.

வகுப்பில் ஓர் இளம் பெண் காவலர் எழுந்து கேட்டாள்: "சார், இப்ப ஒரு முடி கெடச்சாக்கூட லேபுக்கு அனுப்பினா எந்த மிருகம்னு சொல்லிடறாங்க. உங்க காலத்துல லேகியத்துக்குள்ள குரங்கு இருக்குதுன்னு எப்படி சார் நிரூபிச்சீங்க?"

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு இருமினேன். அது பெரிய கதை என்று சொல்லி யானை பக்கம் பேச்சைத் திருப்பிவிட்டேன். முன் வரிசையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவன் அந்த இடத்தில் வாயை அளந்துதான் திறக்க முடியும். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி சரசு, "அதையெல்லாம் எழுதி வெச்சுப்போடுங்க. இனி யாரு வந்து உங்க வேலையப் புடுங்கப் போறாங்க?" என்றாள். நியாயம்தான். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கேரளத்துக்குள்ளேயே தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கடலையும் பருத்தியும் விளைகிற செம்மண் பூமி. கேரளத்து வனத்துறையில் கார்டு வேலை கிடைத்தபோது ஊரில் எல்லோரும் எனக்கு வாழ்வு வந்துவிட்டது என்றார்கள். காட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லவில்லை. பயிற்சியில் மரத்தின் சுற்றளவு எடுக்கவும், சந்தனக்கட்டையை மோந்து பார்க்கவும், அதிகாரி வந்தால் தொப்பியை எந்தக் கையில் பிடிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். மிருகங்களைப் பற்றி ஒரே ஒரு பாடம்தான். யானை துரத்தினால் சரிவில் கீழ்நோக்கி ஓட வேண்டும். அதையும் வாத்தியார் தான் ஓடிப் பார்த்ததில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காட்டுக்கு நடுவில் இருந்த சின்ன ரேஞ்ச் அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தில் மூன்று அறைகள், பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸ். நான் போன புதிதில் விடிந்ததும் நாலு பக்கத்துச் சோலைகளிலிருந்தும் கருங்குரங்குகள் கூப்பாடு போடும். கருமந்தி என்றும் சொல்வார்கள். உடம்பெல்லாம் கரி, தலையைச் சுற்றி மட்டும் செம்பட்டை மயிர். 'ஊக், ஊக்' என்று ஒன்று தொடங்கினால் எதிர்ச் சோலையிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். சரசு வந்த முதல் வாரத்தில் காதைப் பொத்திக்கொண்டு, "இதுங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகச் சத்தம் நின்றது. முதலில் கிழக்கே, பிறகு ஓடைக்கு அந்தப்புறம். காரணம் எல்லோருக்கும் தெரியும். கருங்குரங்கு லேகியம் தின்றால் இளைப்பு போகும், எலும்பு தேறும், பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு வரும் என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நம்பிக்கை. துப்பாக்கி வைத்திருப்பவன் சுடுவான், வைத்தியர் காய்ச்சுவார், ஊர் நக்கும். எழுபதுகளின் நடுவில் எங்கள் எல்லையில் மிஞ்சியது மேட்டுச்சோலையில் இருந்த ஒரே ஒரு கூட்டம். ரோந்து போகும்போது எண்ணுவேன். ஒரு வருடம் பதினாறு இருந்தது. அடுத்த வருடம் ஒன்பது. அந்த ஒன்பதும் போனால் இந்த மலையில் கருங்குரங்கு என்பது வைத்தியர் கடைப் பலகையில் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அந்த நேரத்தில்தான் வனவிலங்குகளைக் காக்கும் புதுச் சட்டம் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது. சட்டத்தோடு கூடவே ரேஞ்சர் குரூப்பு சாரும் வந்தார்.

குரூப்பு சார் தெற்கே எங்கிருந்தோ வந்த மலையாளி. ஒல்லி. பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது. அவருக்குக் கடவுள், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் மகஸர்தான். சம்பவம் நடந்த இடத்திலேயே சாட்சிகளை நிற்கவைத்து, கண்டதைக் கண்டபடி எழுதும் பத்திரம் அது. வேறு அதிகாரிகள் அரைப் பக்கம் எழுதுவார்கள். இவர் நாலு பக்கம் எழுதுவார். நான்கு எல்லை சொல்லாமல் ஒரு வரி நகராது.

"கந்தசாமி, வடக்கே எந்தா?"

"பாறைங்க சார்."

"பாறைக்கு வடக்கே?"

"அதுக்கு வடக்கே கொடைக்கானல் மலைங்க சார்."

"அது வேண்டா. பாறை போதும்."

எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை தேநீர் தொடமாட்டார். பசித்தால் சட்டைப் பையிலிருந்து ஓர் ஈச்சம்பழம் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். வாக்கியத்துக்கு நடுவில் நின்று, மூச்சை இழுத்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் தொடங்கினால் எதிரில் நிற்பவனுக்குக் கால் நடுங்கும். வாட்சர் முத்தையா ஒருமுறை அந்தக் கண்ணாடி கழன்றதைப் பார்த்தே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான்.

புதுச் சட்டப்படி வீட்டில் புலித்தோல், காட்டெருமைத் தலை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாரத்தில் 'மிருகம் கிடைத்த விதம்' என்று ஒரு கட்டம். இருபது வருடமாக விருந்துக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, தான் புலி சுட்ட கதையைச் சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஏலத்தோட்டத்து முதலாளி வீட்டுக்குப் போனோம். பாரத்தைக் கண்டதும் அவருடைய புலி காய்ச்சலில் செத்துவிட்டது.

"நம்ம தோட்டத்துக்குள்ள வந்து படுத்துச்சு. வெரட்டிப் பாத்தோம், போகல. மூணாம் நாள் உசுரு போயிருச்சு. பாவம்."

குரூப்பு சார் தோலைக் குனிந்து பார்த்தார். நெற்றியில் விரல் போகிற ஓட்டை. "இது?"

"விழுந்தப்பக் கல்லு குத்திருச்சு."

சுவரில், கையில் துப்பாக்கியோடும் புலி மேல் ஒரு காலோடும் முதலாளி நிற்கிற புகைப்படம் இருந்தது. குரூப்பு சார் அதையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. 'காய்ச்சல்கண்ட புலியை உடமஸ்தன் காலால் தொட்டுப் பரிசோதிக்கும் புகைப்படம் ஒன்று, வடக்குச் சுவரில்' என்று எழுதி, முதலாளியிடமே கையெழுத்து வாங்கினார். அன்றுதான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

புலி முதலாளிகள் இப்படிப் பொய் சொன்னார்கள் என்றால், லேகியக்காரர் வீரபத்திர வைத்தியர் உண்மையைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து கடைவீதியில் கடை போட்டவர். பலகையில் ஒரு கருங்குரங்கு, அதன் தோளில் கைபோட்டு ஒரு பயில்வான். கீழே 'அசல்' என்று மூன்று தடவை எழுதியிருந்தது. மீசையை முறுக்கிக்கொண்டே குப்பியைக் கையில் கொடுப்பார். ஏலக்காய் பறிக்கிற பெண்களிலிருந்து எஸ்டேட் கிளார்க்குகள்வரை அவரிடம் கடன் சொல்லாத ஆள் கிடையாது.

ஆனி மாதம் மேட்டுச்சோலையில் இரண்டு வெடி கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் ரத்தமும் கொஞ்சம் மயிரும்தான். திரும்பி வந்து குரூப்பு சாரிடம் சொன்னேன். வைத்தியர் புதுச் சரக்கு காய்ச்சி இறக்கிவிட்டார் என்று நாலாம் நாள் கடைவீதியில் பேச்சு வந்ததும் அவர் தொப்பியை எடுத்தார். வைத்தியர் கடைக்குப் போனோம். தோல் இல்லை, எலும்பு இல்லை. அலமாரியில் பதினொரு குப்பி லேகியம் மட்டும் இருந்தது.

"இதில் கருங்குரங்ஙு உண்டோ?" என்று கேட்டார்.

கடைமுன் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் இல்லை என்று சொல்ல வைத்தியருக்கு நாக்கு வருமா? "என்ன சார் இப்புடிக் கேட்டுப்புட்டீக? அசல் சரக்கு சார்! இல்லைன்னு எவனாச்சும் சொல்லட்டும், இந்த மீசைய எடுத்துட்டு மலையவிட்டே எறங்கிப் போறேன்."

"அப்படித்தன்னே எழுதிக்கோ" என்றார் குரூப்பு சார் என்னிடம். மீசையை எடுப்பது உட்பட எல்லாம் மகஸரில் ஏறியது. சாட்சிக்கு நின்றவள் பவுனுத்தாயி என்கிற ஏலக்காட்டுத் தொழிலாளி. வைத்தியரின் ஏழு வருட வாடிக்கை. "எங்க வைத்தியரு அசலுதேன்" என்று பெருமையாகப் பெருவிரலை உருட்டிவிட்டுப் போனாள்.

வைத்தியரை ஜாமீனில் விட்டார்கள். இனி லேகியத்தில் மூன்று குப்பியை அரக்கு முத்திரை வைத்துத் தலைநகரத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் இடித்தது. அலுவலகத்தில் அரக்கு தீர்ந்துபோயிருந்தது. கடையில் வாங்கிவருகிறேன் என்றேன். சர்க்கார் அரக்கு தவிர வேறு அரக்கு செல்லாது என்றார் சார். மேலிடத்துக்கு எழுதினோம். மழையில் சாலை உடைந்து, தபால் நின்று, அரக்கு வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை பதினொரு குப்பியும் முத்திரையில்லாமல் பீரோவில் வரிசையாக நின்றன. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். இன்னொன்று சாரிடம்.

அந்த ஆடி மாதத்தில்தான் என் மகள் தேவிக்கு மூச்சு அடைத்தது. நான்கு வயது. உட்கார்ந்தபடியே தூங்குவாள். மூணாறு டாக்டர் கொடுத்த மருந்து தீர்ந்துவிட்டது, சாலை இல்லை. சரசு பகல் சோற்றை என் முன்னால் வைத்துவிட்டுச் சாவியையே பார்த்தாள்.

"ஏனுங்க, புள்ள நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சு கத்தற மாதிரி கேக்குதுங்க."

"கேக்குது."

"ஊரே அதத் தின்னு பொழைக்குது. நீங்க மட்டும் பீரோவுக்குக் காவல் நிக்கறீங்க."

"அது தொண்டி, சரசு. கேசுச் சாமான். தொட்டா வேலை போயிரும். அதில்லாம, அந்தக் கொரங்குகளக் காப்பாத்தத்தான் இந்தக் கேசே."

"செத்த கொரங்கு திரும்பி வரப்போகுதுங்களா? இது உசுரோட இருக்கற புள்ளைங்க."

சார் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பீரோவைத் திறந்தேன். முதல் குப்பியோ கடைசிக் குப்பியோ குறைந்தால் கண்ணில் படும், நடுவில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஆறாவது குப்பியிலிருந்து ஒரு கரண்டி எடுத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். நானும் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். சுக்கு, மிளகு, பழைய நெய், அதற்கடியில் பெயர் சொல்லத் தெரியாத ஒரு வாடை.

அடுத்த நாளும் ஒரு கரண்டி. அதற்கடுத்த நாளும். எடுத்த அளவுக்குச் சரசு கருப்பட்டிப் பாகும் இஞ்சியும் காய்ச்சிக் கொடுப்பாள். கொண்டுபோய் ஊற்றிவிடுவேன். ஏழு வாரத்தில் ஆறாவது குப்பியில் குரங்கின் வாடைகூட இல்லை. முழுக்க என் மனைவியின் கைப்பக்குவம். வழக்கு கெட்டுவிடுமே என்று நினைத்தபோதெல்லாம், மிச்சம் பத்துக் குப்பி இருக்கிறது, அதில் ஏதாவது மூன்று போகட்டும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அரக்கு வந்த அன்று சார் மேசையில் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டார். முகம் ஏனோ வெளுத்திருந்தது. மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்தேன்.

"கந்தசாமி, சர்க்குலரில் எந்தா பறஞ்ஞிருக்கு?"

வாங்கிப் படித்தேன். வரிசையாகக் கைப்பற்றப்பட்ட பொருளில் முதலாவது, நடுவானது, கடைசியானது ஆகிய மூன்றை மாதிரியாக அனுப்ப வேண்டும். பதினொன்றில் நடு எது என்று கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

"சார், வேற எதாச்சும் மூணு எடுத்தா என்னங்க?"

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். எனக்கு ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் போலிருந்தது. ஆனால், "சர்க்குலர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரக்கை உருக்கத் தொடங்கினார். நல்லவேளை, முதலாவதும் கடைசியும் போகிறது, அவை இரண்டும் காப்பாற்றும் என்று நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

தை மாதம் வழக்கு வந்தது. மாஜிஸ்ட்ரேட் தமிழ் நன்றாகத் தெரிந்த மலையாளி. கோர்ட்டில் வைத்தியரின் வாடிக்கையாளர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். வைத்தியரின் வக்கீல், எதைக் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று அவரிடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தார். பரிசோதனை முடிவைப் பிரித்து மாஜிஸ்ட்ரேட் படித்தார்.

"ஆறாம் எண் குப்பி. கருப்பட்டி, இஞ்சி. மிருகப் பொருள் எதுவும் இல்லை."

இன்னும் இரண்டு இருக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்றாம் எண், பதினொன்றாம் எண் குப்பிகள். ஈச்சம்பழம், வெல்லம். மிருகப் பொருள் எதுவும் இல்லை."

ஈச்சம்பழமா? நான் திரும்பிக் குரூப்பு சாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியரின் வக்கீல் எழுந்து சிரித்தார். இதைவிடச் சுலபமான வழக்கு அவருக்கு வாழ்நாளில் வந்திருக்காது. எனக்குக் கண்முன்னால் மேட்டுச்சோலைதான் தெரிந்தது. இந்த ஆள் விடுதலையாகிப் போனால், கோர்ட்டே விட்டுவிட்டது என்று நாளைக்கே சுடுவார்கள். மிச்சமிருப்பதையும் வழித்துவிடுவார்கள். அதற்கு வழிசெய்து கொடுத்தவன் நான். எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வேலை, குவார்ட்டர்ஸ், குழந்தை எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது பெஞ்சிலிருந்து பவுனுத்தாயி எழுந்தாள். "என்னது? கருப்பட்டியா? ஏழு வருசமா நான் வாங்கித் தின்னது கருப்பட்டியா வைத்தியரே?"

"உக்காரு" என்றார் டவாலி.

"எதுக்கு உக்கார? எம்மககாரி பிள்ளைப்பேறுக்கு இவன் குடுத்ததும் ஈச்சம்பழந்தானா? ஏய்யா, மனுசனாய்யா நீ? அசலு அசலுன்னு மூணு வாட்டி எழுதி வச்சிருந்தியே!"

இருமல் நின்று, கோர்ட் முழுக்க முணுமுணுப்பு பரவியது. 'மீசையை எடுடா' என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வைத்தியர் முகம் சிவந்து, வியர்த்து, மீசை துடித்தது. வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். மாஜிஸ்ட்ரேட் மேசையைத் தட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, வழக்கப்படி, "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

"சொல்றேன் எசமான்!" கையை உதறிக்கொண்டு கூண்டின் கம்பியைப் பிடித்தார் வைத்தியர். "இந்தக் காயிதம் பொய்யி! எம் மருந்துல ஈச்சம்பழமா? எங்க அப்பன் பாட்டன் தொட்டிருப்பானா ஈச்சம்பழத்த? அசல் கருங்கொரங்கு எசமான்! இந்தப் பதினொரு குப்பியும் ஒரே பாகம், ஒரே கொரங்கு."

"யோசித்துப் பேசுங்கள். இதை எழுதிக்கொள்ள வேண்டிவரும்."

"எழுதுங்க! நல்லா எழுதுங்க! ஆனி மாசம் மேட்டுச்சோலையில எறக்குனது. தாய்க்கொரங்கு. மார்ல பால் இருந்துச்சு, அதுனாலதேன் வீரியம் சாஸ்தி. சந்தேகம்னா எம் வீட்டுப் பரண்ல தோலு கெடக்கு, போய்ப் பாத்துக்கங்க!"

வக்கீல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். பவுனுத்தாயி, "அப்புடிச் சொல்லு!" என்று முகம் மலர்ந்து உட்கார்ந்தாள்.

அன்று மாலைக்குள் பரணிலிருந்து இருபத்துமூன்று தோல் இறங்கியது. குரூப்பு சார் அதற்கு ஆறு பக்கம் மகஸர் எழுதினார். அடுத்த வாய்தாவில் வைத்தியர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதம் உள்ளே போனார். போகும்போது வாடிக்கையாளர்கள் வாசல்வரை வந்து கும்பிட்டார்கள். மீசையைத் தடவிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போலத்தான் ஏறினார். அவருக்குச் சுட்டுக்கொடுத்தவன் அன்றைக்கே மலையிறங்கிவிட்டதாகக் கேள்வி. இதற்குப் பிறகு மூன்று மாதம்வரை எங்கள் அலுவலக வாசலில் ஆட்கள் வந்து, கோர்ட்டே அசல் என்று சொன்ன அந்த லேகியத்தில் மிச்சம் ஏதாவது இருக்குமா என்று தணிந்த குரலில் விசாரித்தார்கள். மிச்சமிருந்த எட்டுக் குப்பியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு நானே குழி தோண்டிப் புதைத்தேன்.

தீர்ப்பான அன்று பஸ்ஸுக்காக நானும் சாரும் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். சார் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"நடுவிலத்தெ குப்பி நீயானோ?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமாங்க சார். புள்ளைக்கு மூச்சு முட்டல். தினம் ஒரு கரண்டிங்க."

கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பக்கம் துடைத்தார், இந்தப் பக்கம் துடைத்தார். "ஞான் ரெண்டு கரண்டி" என்றார். "காலத்தே ஒன்னாம் நம்பர். சாயங்காலம் பதினொன்னு. அவஸ்தை சகிக்க முடியலடோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். முடியவில்லை. "அப்ப சர்க்குலரைப் படிக்கச் சொன்னப்பவே தெரியுமுங்களா சார்?"

"அறியும். பட்சே சர்க்குலர் சர்க்குலரல்லே? நடு குப்பி ரக்ஷிக்கும்னு நெனச்சேன்."

"நான் முதலும் கடைசியும் காப்பாத்தும்னு நெனச்சேனுங்க சார்."

அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது. முதுகைத் தடவிவிட்டேன். அடங்கியதும் அவர், "தாய்க் குரங்ஙு" என்றார்.

வீட்டில் சரசு வழக்கு என்னாயிற்று என்று கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றேன். "அப்ப அதுல நெசமாவே இருந்துச்சுங்களா?" என்றாள். வைத்தியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தேவி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். சரசு அவளைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் அந்தக் கரண்டியை எடுத்துவந்து ஓடையில் வீசிவிட்டு வந்தாள். அடுத்த ஆடியில் குழந்தைக்கு மறுபடியும் மூச்சு அடைத்தது. சாலை நன்றாக இருந்ததால் மூணாறுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பன்னிரண்டு வயதில் அப்படியே ஆயிற்று. லேகியம் எதையும் தீர்க்கவில்லை. குரூப்பு சாருக்கும் இளைப்பு கடைசிவரை போகவில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு குரங்கைத் தின்று நாங்கள் கண்ட பலன் இதுதான்.

வைத்தியர் உள்ளே போன பிறகு மேட்டுச்சோலைக்கு ரோந்து போகக் கிளம்பிய ஒரு காலை, குரூப்பு சார் தானும் வருகிறேன் என்றார். செங்குத்தான ஏற்றம். பத்து அடிக்கு ஒருதரம் நின்றார். நான் திரும்பிவிடலாம் என்று சொன்னால் கேட்கவில்லை. உச்சிக்குப் போய் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தபோது அவர் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடித்தது.

எதிர் மரத்தில் ஆறு கருங்குரங்குகள் தளிர் தின்றுகொண்டிருந்தன. அதில் வயதான ஒன்றின் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி. பிறந்து முக்கால் வருடமாவது இருக்கும், வயதுக்குச் சிறுத்த உடம்பு. அந்த வயதானது அதற்குத் தாயாக இருக்க முடியாது என்று பார்த்ததும் தெரிந்தது. மடி வற்றிப்போயிருந்தது. குட்டி பால் தேடிவிட்டு, பிறகு தளிரை மென்றது. இரண்டு பேரும் எண்ணினோம், குட்டியோடு சேர்த்து ஏழு.

சாருக்கு இருமல் வந்துவிட்டது. அடுத்த நொடி மரம் அதிர்ந்தது. கிழவி குட்டியை வாரிக்கொண்டு பாய, மற்றவை நாலு திக்கிலும் கத்திக்கொண்டு ஓடின. எனக்கு ஒருமாதிரி அவமானமாக இருந்தது. "நாம ஒண்ணும் பண்ண மாட்டோம்னு அதுங்களுக்கு எப்படிங்க சார் சொல்றது?" என்று கேட்டேன்.

குரூப்பு சார் வாயைத் துடைத்துக்கொண்டு, கிளைகள் ஆடி அடங்கும்வரை பார்த்தார்.

"சொல்லண்டா" என்றார். "ஓடட்டே. நம்மள அதுங்களுக்கு அறியும்."